மதுரையிலிருந்து ஒருவர்

சொல்லித் தருகிறவருக்கு நாற்பது வயது. கேட்டுக்கொள்ள வந்தவருக்கு அறுபது தாண்டிவிட்டது. ஊர் இதைத்தான் முதலில் பேசியது. ஊருக்குப் பேச வேறு என்ன இருக்கிறது?

குருவின் பெயர் மங்கையர்க்கரசி. கணக்கு டீச்சராக இருந்தவர். ஒருநாள் வேலையை விட்டுவிட்டு, மலையடிவாரத்தில் ஓடு போட்ட ஒரு வீட்டில் வந்து உட்கார்ந்துகொண்டார். மனக்குறையோடு யாராவது வந்தால் எதிரே உட்காரவைத்துக் கேட்பார். அவ்வளவுதான். விபூதி கிடையாது, மந்திரித்த எலுமிச்சம்பழம் கிடையாது. அதனால் கூட்டமும் கிடையாது.

சீடர் ஆவுடையம்மாள். தாலுகா ஆபீஸில் கம்ப்யூட்டரில் பட்டா விவரங்களை ஏற்றும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கணவர் காலமாகிவிட்டார். மகன் சங்கரலிங்கம் புனேயில். ஆவுடையம்மாள் பக்கத்துத் தெருவில் தனியாக இருந்தார். காலையில் குருவின் வீட்டுக்கு வருவார். மத்தியானம் தன் வீட்டுக்குப் போய்த் தனக்கு மட்டும் ஒரு குழம்பு வைப்பார்.

குரு சீடரை அக்கா என்பார். சீடர் குருவை அம்மா என்பார். இருவருக்கும் அதில் சங்கடம் இல்லை. மற்றவர்களுக்குத்தான் இருந்தது.

ஒருநாள் ஆவுடையம்மாள் கேட்டார்.

"அம்மா, இங்க ஒருத்தருமே வரலையே. இப்படியே இருந்தா எப்படி?"

"எப்படி இருக்கணும்?"

"நாலு பேர் வரணும்."

"வழி தெரிஞ்சா வருவாங்க."

"வழியைத்தான் நான் போடப்போறேன்."

வெப்சைட் ஒன்று ஆரம்பித்தார். அதில் சும்மா ஓடுகிற வீடியோ வேண்டாம் என்று முடிவு செய்தார். பார்க்கிறவரிடம் கேள்வி கேட்க வேண்டும். அவர் எதைத் தட்டுகிறாரோ அதற்கேற்ற அடுத்த வீடியோ வர வேண்டும். குரு எதிரே உட்கார்ந்து கேட்பது போலவே. இதற்கென்று டெம்ப்ளேட்டுகள் தயாராகக் கிடைக்கின்றன. நம் வீடியோவை அதில் செருகினால் போதும் என்கிறார்கள். போதும் என்று சொல்கிறவர்கள் யாரும் செருகிப் பார்த்தவர்கள் இல்லை.

குருவைக் கூடத்தில் உட்காரவைத்துத் தன் போனிலேயே படம் பிடித்தார். குரு கேமராவைப் பார்த்துக் கேட்டார். "என்ன குறையோடு வந்தீங்க?"

கீழே நாலு பட்டன்கள். பயம். கோபம். ஏமாற்றம். தனியாக இருக்கிறேன்.

முதல் ஓட்டத்தில் குரு கேள்வி கேட்டு முடித்ததும் கீழே வந்த பட்டன்கள் வேறு. "விலை அறிய", "இடத்தைப் பார்வையிட".

"என்னக்கா இது?" என்றார் குரு.

"டெம்ப்ளேட் மனை விக்கிறவங்களுக்குச் செஞ்சதாம். மாத்திடறேன்."

மாற்றினார். 'பயம்' என்பதைத் தட்டினால் குரு பயத்தைப் பற்றி நிதானமாகப் பேசினார். பேசி முடித்ததும் திரையின் குறுக்கே சிவப்பில் ஒரு பட்டை ஓடியது. "முந்துங்கள்! இன்னும் சில மனைகளே உள்ளன!"

ஆவுடையம்மாள் தலையில் அடித்துக்கொண்டார்.

குரு இரண்டு தரம் படித்தார். "பயந்தவங்களுக்கு நான் சொன்னதைவிட இது தெளிவா இருக்கு," என்றார்.

"நீங்க வேற, சும்மா இருங்கம்மா."

அதையும் எடுத்தார். அடுத்தது சத்தம். குருவின் வாய் அசைகிறது, குரல் வரவில்லை. தானாக ஓடத் தொடங்கும் வீடியோவை உலகத்து பிரவுசர்கள் எல்லாம் வாயைக் கட்டித்தான் அனுப்புமாம். "கேட்கத் தட்டவும்" என்று ஒரு வரி சேர்த்தார். அதுவும் சரியானது.

சரியாகாதது நாலாவது பட்டன். கம்ப்யூட்டரில் தெரியும். போனில் திரைக்குக் கீழே இறங்கி ஒளிந்துகொள்ளும். மேலே ஏற்றிவைத்தால் இருக்கும். மறுநாள் டெம்ப்ளேட்காரர்கள் எதையோ புதுப்பிப்பார்கள், மறுபடி இறங்கிவிடும்.

"மத்த மூணும் ஒழுங்கா நிக்குது. இது ஒண்ணுதான் கீழ போய் ஒளிஞ்சுக்குது," என்று ஆவுடையம்மாள் சலித்துக்கொண்டார்.

"அது அப்படித்தான்," என்றார் குரு.

அதனால் தினமும் மத்தியானம், சாப்பிட்டு முடித்துப் பாத்திரத்தை ஒதுக்கிவைத்த பிறகு, ஆவுடையம்மாள் தன் போனில் பக்கத்தைத் திறந்து நாலாவது பட்டன் இருக்கிறதா என்று தேடுவார். இருந்தால் தட்டுவார். இல்லையென்றால் மறுநாள் காலையில் திருத்துவார்.

யார் வந்தார்கள், எதைத் தட்டினார்கள் என்று சொல்லும் ஒரு பக்கமும் டெம்ப்ளேட்டோடு வந்தது. தன்னைத் தானே எண்ணிக்கொள்ளக் கூடாது என்பது ஆவுடையம்மாளுக்குத் தெரியும். தாலுகா ஆபீஸில் குப்பை கொட்டியவர் அல்லவா? குருவின் வீட்டு இணைப்பிலிருந்து பார்ப்பதைக் கணக்கில் சேர்க்காதே என்று முதல் நாளே கட்டளை போட்டுவிட்டார்.

கணக்கு ஏறத் தொடங்கச் சில நாள் ஆகுமாம். அதுவரை அந்தப் பக்கம் துடைத்த சிலேட்டாக இருந்தது.

பிறகு ஒருநாள் காலை, அவர் கூடத்திலிருந்து கத்தினார்.

"அம்மா! ஒருத்தர் வந்திருக்காங்க!"

குரு வாசலைப் பார்த்தார்.

"அங்க இல்லை, இங்க. மதுரையிலேர்ந்து. நேத்து வந்திருக்காங்க. நாலாவதைத் தட்டியிருக்காங்க."

"நாலாவது எது?"

"தனியாக இருக்கிறேன்."

குரு தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார்.

மறுநாளும் மதுரை வந்தது. அதற்கு மறுநாளும். வேறு எந்த ஊரும் வரவில்லை. மதுரை மட்டும் தவறவில்லை. மற்ற மூன்று பட்டன்களைச் சீண்டுவதே இல்லை. நேராக நாலாவதுதான்.

ஆவுடையம்மாள் மாறிப்போனார். காலையில் சீக்கிரமே வந்தார். வீடியோவில் குருவின் முகத்தில் நிழல் விழுகிறது என்று ஜன்னலைத் திறந்து மறுபடி எடுத்தார். எழுத்தைப் பெரிதாக்கினார்.

"எழுத்து எதுக்குப் பெருசு?" என்றார் குரு.

"மதுரைக்காரங்களுக்கு வயசாயிருக்கும்னு தோணுது. கண்ணாடி போடாம போனைப் பார்க்கிறவங்களா இருப்பாங்க."

"பொம்பளையா?"

"பொம்பளைதான். ஆம்பளை இத்தனை நாள் தொடர்ந்து ஒரு காரியம் செய்வானா?"

அந்த வாரம் சங்கரலிங்கம் புனேயிலிருந்து பேசினான்.

"எம்மா, மாசக் கடைசியில வந்து உன்னைக் கூட்டிட்டு வந்திருதேன். வீட்டை வாடகைக்கு விட்டிரலாம். இவளும் வேலைக்குக் கிளம்புதா, பிள்ளையைப் பாக்க ஆள் வேணும்."

"எனக்கு இங்க வேலை இருக்குடா."

"என்ன வேலை? டீச்சரம்மாவுக்கு வெங்காயம் உரிச்சுக் குடுக்கதா? எம்மா, நெசமாக் கேக்கேன். அங்க உன்னை யாரு தேடப்போறா?"

அவன் கெட்டவன் இல்லை. கேள்வியும் கெட்ட கேள்வி இல்லை. அதனால்தான் ஆவுடையம்மாளுக்குச் சுருக்கென்றது.

"தேடி வாராங்க. மதுரையில ஒருத்தர் இருக்காங்க. ஒருநாள் விடாம வாராங்க. அவங்களை அப்படியே விட்டுட்டு நான் எப்படிடா வர?"

"யாரும்மா அது?"

"உனக்குத் தெரியாது."

"சரிம்மா, யோசிச்சுச் சொல்லு," என்று வைத்துவிட்டான்.

மகனை வாயடைக்கவைத்தது சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் யார் என்று அவன் மறுபடி கேட்பான். ஒரு பெயராவது வேண்டும். ஆவுடையம்மாள் நாலாவது வீடியோவின் முடிவில் ஒரு பெட்டி வைத்தார். "உங்கள் பெயரையும் மனதில் இருப்பதையும் இங்கே எழுதுங்கள்."

மதுரை வந்தது. பெட்டியைப் பார்த்தது. போய்விட்டது.

பெட்டி கெட்டுப்போயிருக்கும் என்று நினைத்தார். குருவின் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து தானே ஒரு பொய்ப் பெயர் எழுதி அனுப்பிப் பார்த்தார். ஒழுங்காக வந்து சேர்ந்தது. பெட்டியின் நிறத்தை மாற்றினார். "தயங்காமல் எழுதுங்கள்" என்று சேர்த்தார். மதுரை தயங்கவும் இல்லை, எழுதவும் இல்லை.

போனில் தினமும் மத்தியானம் அவரும்தான் அந்தப் பெட்டி வரை போனார். பட்டன் வேலை செய்கிறதா, பெட்டி வருகிறதா என்று பார்ப்பதோடு சரி. எழுத அவருக்கு என்ன இருக்கிறது?

குருவிடம் போனார்.

"அம்மா, மதுரைக்காரங்க வாயே திறக்க மாட்டேங்கிறாங்க. என்ன செஞ்சா பேசுவாங்க?"

குரு சின்ன வெங்காயக் கூடையை இருவருக்கும் நடுவில் வைத்தார். உரிக்கத் தொடங்கினார். ஆவுடையம்மாளும் உரித்தார். ஓட்டில் ஒரு அணில் ஓடியது. பால்காரரின் மணி கேட்டு அடங்கியது. கூடையில் பாதி குறைந்தது.

"சங்கர் கூப்பிடுதான்மா," என்றார் ஆவுடையம்மாள், கேட்காமலே.

குரு உரித்துக்கொண்டிருந்தார்.

"பிள்ளையைப் பாத்துக்க ஆள் வேணுமாம். அதுல தப்பில்லை. ஆனா ஆள் வேணும்னான். அம்மா வேணும்னு சொல்லலை."

குரு இன்னொரு வெங்காயத்தை எடுத்தார்.

"அங்க போனா எனக்குன்னு ஒரு மூலை குடுப்பாங்க. மூலையிலதான் இங்கேயும் இருக்கேன். என்ன, இது என் சொந்த மூலை."

கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெங்காயம் என்று சொல்லிக்கொள்ள வசதியாக இருந்தது.

வெகுநேரம் கழித்துக் குரு கேட்டார். "உங்க முன்னால பெட்டி ஏதாவது வச்சேனா, அக்கா?"

ஆவுடையம்மாளுக்கு உடனே புரிந்தது. அல்லது புரிந்ததாக நினைத்தார். பெட்டியைத் தூக்கிக் கடாசினார். அதன் இடத்தில் ஒரு வீடியோ போட்டார். குரு வெங்காயம் உரிக்கிறார். பேசவில்லை. நடுவில் ஒருமுறை நிமிர்ந்து பார்க்கிறார். அவ்வளவுதான்.

டெம்ப்ளேட் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. "ஒலி இல்லை. காட்சியில் பிழை இருக்கலாம்," என்று எச்சரித்தது. அதுபாட்டுக்கு அமைதியான பகுதிகளை வெட்டித் தள்ளி, நிமிர்ந்து பார்ப்பதை மட்டும் வைத்துக்கொண்டது. யாரும் பேசாத நேரத்தை அது கழிவு என்று எண்ணுகிறது. மனை விற்கப் பிறந்ததுதானே? ஆவுடையம்மாள் ஒவ்வொரு அமைப்பாகத் தோண்டி, 'அமைதியை நீக்கு' என்பதைக் கண்டுபிடித்து அணைத்தார்.

அன்று மத்தியானம் போனில் சரிபார்த்தார். வெட்டுப்படாமல் முழுதும் ஓடுகிறதா என்று தெரிய வேண்டுமே, கடைசி வரை பார்த்தார். குரு நிமிர்ந்து பார்த்தபோது தலையை ஆட்டினார்.

மறுநாள் காலை துள்ளிக்கொண்டு வந்தார்.

"அம்மா! மதுரைக்காரங்க முழுசாப் பாத்திருக்காங்க! எழுந்து போகவே இல்லை!"

"நல்லது," என்றார் குரு.

அதன் பிறகு ஆவுடையம்மாளுக்குக் காய்ச்சல் வந்தது. எழுந்து தண்ணீர் கொதிக்கவைக்கக்கூட முடியாத காய்ச்சல். "கொஞ்சம் வேலை இருக்கு, வர முடியாது," என்று குருவுக்குச் செய்தி அனுப்பினார். மகன் அழைத்தபோது தொண்டையைச் செருமிச் சரிசெய்துகொண்டு "நல்லா இருக்கேன்" என்றார். பக்கத்து வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் வருவார்கள், வந்தால் அடுப்படியைப் பார்ப்பார்கள். போன் தலைமாட்டில் கிடந்தது. ஒரு நாளும் நாலாவது பட்டனைத் தேடவில்லை.

தேறி வந்ததும் குருவின் வீட்டுக்குப் போய் முதல் வேலையாகக் கணக்குப் பக்கத்தைத் திறந்தார்.

மதுரை வரவே இல்லை.

"பாவம்மா," என்றார் குருவிடம். "அவங்களுக்கும் உடம்பு முடியலையோ என்னமோ."

"அவங்களுக்குமா?"

"எனக்கு லேசாக் காய்ச்சல்."

"சொல்லலையே அக்கா."

"சொல்லி என்ன ஆகப்போகுது? அதை விடுங்க. அவங்களை நினைச்சாத்தான் கோவமா வருது. என்ன வீம்பு! இத்தனை நாள் வந்து உட்கார்ந்துட்டுப் போறவங்க, முடியலைன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன? யாராவது ஓடிப்போய்ப் பாக்க மாட்டாங்களா? தனியாக் கிடந்தா யாருக்கு லாபம்?"

குரு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். காபி போட உள்ளே போனார்.

ஆவுடையம்மாள் கம்ப்யூட்டரில் 'இப்போது பார்ப்பவர்கள்' என்ற பக்கத்தைத் திறந்துவைத்தார். பூஜ்யம். இவ்வளவு நாள் பார்க்காமல் விட்ட பட்டன் எங்கே இறங்கியிருக்கிறதோ என்று போனை எடுத்துத் திறந்தார். இருந்தது. தட்டினார்.

கம்ப்யூட்டரில் பூஜ்யம் ஒன்றானது. மதுரை.

"அம்மா! வந்துட்டாங்க! இப்ப இருக்காங்க, ஓடி வாங்க!"

போனை மூடிப் போட்டுவிட்டுத் திரையைக் குருவின் பக்கம் திருப்பினார். குரு டம்ளரோடு வருவதற்குள் பூஜ்யம்.

"அய்யோ, போயிட்டாங்களே. இப்பத்தானே வந்தாங்க?"

"வருவாங்க," என்றார் குரு.

ஆவுடையம்மாள் காத்திருந்தார். வரவில்லை. சும்மா இருப்பானேன் என்று போனைத் திறந்து மறுபடி பட்டனைத் தட்டினார்.

ஒன்று. மதுரை.

போனைப் பார்த்தார். கம்ப்யூட்டரைப் பார்த்தார். போனில் பக்கத்தை மெல்ல மூடினார். சற்று நேரத்தில் பூஜ்யம். திறந்தார். ஒன்று. மூடினார். பூஜ்யம்.

குருவின் வீட்டு இணைப்பை எண்ணாதே என்று சொல்லியிருந்தாரே தவிர, போன் தன் சிம் கம்பெனியின் வழியாகப் போகும் என்பதை அவர் யோசிக்கவில்லை. கம்பெனியின் வழி எந்த ஊரில் போய்த் திறக்கிறதோ அந்த ஊர்ப் பெயர்தான் கணக்கில் ஏறும். அது மதுரையில் திறந்தது.

காபியில் ஆடை படிந்தது.

"மதுரையில யாரும் இல்லைம்மா," என்றார் ஆவுடையம்மாள்.

"ம்."

"நான்தான். வந்தது, உட்கார்ந்தது, பெட்டியைப் பாத்துட்டு எழுதாமப் போனது, எல்லாம் நான்தான். உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"சிரிப்பு வரலையா?"

"வரலை."

"எனக்கு வருது. கண்ணு தெரியாதேன்னு எழுத்தைப் பெருசாக்கினேனே." அவர் சிரிக்கவில்லை. "ஒருத்தர்கூட வரலை. இந்த உலகத்துல ஒருத்தர்."

குரு எதிரே உட்கார்ந்தார்.

ஆவுடையம்மாள் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். "மூடிடறேன் இதை. சங்கர்கிட்ட வரேன்னு சொல்லிடறேன். மாசக் கடைசின்னான். பிள்ளைகிட்டப் போய்ப் பொய் சொல்லிட்டேனே, இந்த வயசுல."

"என்ன சொன்னீங்க?"

"ஒருத்தர் தினமும் தேடி வராங்கன்னு சொன்னேன்."

"அப்புறம்?"

"அவங்களை அப்படியே விட்டுட்டு எப்படி வரன்னு கேட்டேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

குரு ஆறிப்போன காபியை அவர் பக்கம் நகர்த்தினார்.

"இதுல எது பொய், அக்கா?"